மேடைக் கலையும் தேசிய மரியாதையும்

சங்கீத நாடக அகாதெமியின் விருதுப் பட்டியலில் முதல் ஆண்டாக நிற்கும் 1952இல் நான்கு பெயர்களே காணப்படுகின்றன: ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டுக்கு முஷ்டாக் ஹுசைன் கான், ஹிந்துஸ்தானி வாத்திய இசைக்கு அலாவுதீன் கான், கர்நாடக வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். முன்னவர் இருவரும் சமஸ்தான வித்துவான்கள். ஒருவர் ராம்பூர் நவாபின் ஆஸ்தானத்தையும் மற்றவர் மைஹர் மன்னரின் ஆஸ்தானத்தையும் அண்டி வாழ்ந்தவர். பின்னவர் இருவரின் பெயர்களுக்கு முன்னே நிற்கும் ஊர்களோ செட்டிநாட்டில் ஒன்றுக்கொன்று மிக அணித்தாக உள்ளவை. அங்கே இசையை வளர்த்தது நகரத்தார் குடும்பங்களின் கல்யாணக் கச்சேரிகளும் கோயில் உற்சவங்களுமே. சாம்பசிவ ஐயரின் குலம் புதுக்கோட்டை சமஸ்தானத்துத் திருக்கோகர்ணத்திலிருந்து வந்தது என்பதையும், ராமானுஜ ஐயங்காரின் குருவாகிய பூச்சி ஸ்ரீநிவாஸ ஐயங்கார் ராமநாதபுரம் சேதுபதிகளின் ஆதரவு பெற்றவர் என்பதையும் சேர்த்து நோக்கும்போது, இந்நால்வரின் பின்னணியிலும் ஓர் அரசனோ, ஜமீன்தாரோ, வணிகனோ, கோயிலோ நின்றமை புலனாகும்.

அந்தப் பின்னணி முழுவதும் 1942க்கும் 1949க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளுக்குள் ஆட்டங்கண்டுவிட்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது நகரத்தாரின் செல்வத்தில் பெரும்பகுதி அங்கேயே முடங்கிற்று. 1948இல் புதுக்கோட்டை சென்னை மாகாணத்துடன் இணைந்தது. அதே ஆண்டில் சென்னைச் சட்டசபை ஜமீன்தாரி முறையை ஒழித்தது. 1949இல் ராம்பூரும் தன் தனியாட்சியை இழந்தது. நீதியின் கண்கொண்டு பார்ப்பவர் எவரும் இம்மாற்றங்களுள் பலவற்றை வரவேற்கவே செய்வர். ஆயினும், ஒரு கலைஞன் காலையில் சாதகம் செய்யவும் மாலையில் சிஷ்யனுக்குப் பாடம் சொல்லவும் வேண்டிய ஓய்வையும் உணவையும் அதுகாறும் அளித்துவந்த ஏற்பாடு நீங்கியபின், அந்தக் கடமையை ஏற்பவர் யார் என்னும் கேள்வி புதிய குடியரசின் முன் எழுந்தது. தேசிய விருது என்பதை அந்தக் கேள்விக்குக் குடியரசு அளிக்கத் தொடங்கிய விடையின் முதல் வாக்கியம் என்று கொள்வதே பொருந்தும். அந்த விடையின் எஞ்சிய பகுதி எவ்வளவு எழுதப்பட்டது, எவ்வளவு எழுதப்படாமல் நிற்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அகாதெமியின் தோற்றம்

மத்திய அரசின் கல்வி அமைச்சகம் 1952ஆம் ஆண்டு மே மாதத்தில் இயற்றிய தீர்மானத்தின்படி அமைந்த சங்கீத நாடக அகாதெமியை, 1953 ஜனவரி 28ஆம் தேதி, பாராளுமன்றக் கட்டடத்தில் நடைபெற்ற விழாவில், குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். சாகித்திய அகாதெமியும் லலித் கலா அகாதெமியும் 1954இலேதான் தோன்றின; ஆகவே கலைகளின் பொருட்டுச் சுதந்திர இந்தியா நிறுவிய தேசிய மன்றங்களுள் மூத்தது இதுவே. கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவ்விழாவில் எடுத்துரைத்த கருத்தின் சாரம் இது: மன்னராட்சியில் அரசர்களின் ஆதரவால் வாழ்ந்த கலைகள் ஜனநாயகத்தில் மக்களிடமிருந்தே ஊட்டம் பெறக்கூடும், மக்களின் சித்தத்துக்கு உருவமாக விளங்கும் அரசே அவற்றைப் பேணும் பொறுப்பை ஏற்றல் வேண்டும். தயவு என்னும் நிலையிலிருந்து கடமை என்னும் நிலைக்குக் கலையாதரவை உயர்த்திய கருத்து இது. பின்னர் அகாதெமி செய்த காரியங்கள் யாவற்றையும் இந்த அளவுகோல் கொண்டே அளந்து பார்த்தல் வேண்டும்.

அகாதெமியின் முதல் தலைவராக அமர்ந்தவர், அந்நாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய பி. வி. ராஜமன்னார் ஆவார். சட்ட நிபுணராக மாத்திரமன்றித் தெலுங்கில் நாடகங்கள் இயற்றியவராகவும் அறியப்பட்டவர் அவர். பிற்காலத்தில் மத்திய, மாநில உறவுகளை ஆராயத் தமிழக அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவருக்குப் பின் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையாரும், அவரையடுத்து இந்திரா காந்தியும் அப்பதவியை வகித்தனர். 1955இல் திரைப்படம், 1956இல் நாடகம், 1958இல் நடனம் என்று வரிசையாகக் கருத்தரங்குகள் கூட்டப்பெற்றதும், 1959இல் தேசிய நாடகப் பள்ளி அகாதெமியின் கிளையாகத் தொடங்கப்பெற்றதும் அந்தத் தொடக்ககால உற்சாகத்துக்குச் சான்றுகளாம்.

நூலுக்கும் ஆளுக்கும் உள்ள வேற்றுமை

சாகித்திய அகாதெமி தமிழுக்கு அளித்த முதல் விருது 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' என்னும் நூலுக்குக் கிடைத்தது. அங்கே விருதுக்குரிய பொருள் ஒரு நூல். விருதளித்தோரின் தீர்ப்பு சரியா, பிழையா என்பதை இன்றைக்கும் எவரும் அந்நூலைக் கையிலெடுத்துப் படித்துச் சீர்தூக்கலாம். சங்கீத நாடக அகாதெமிக்கு இந்த வசதி இல்லை. 1952ஆம் ஆண்டுக்குரிய விருதைச் சாம்பசிவ ஐயரின் வீணைக்கு அளித்தபோது, எந்த ஒரு மாலைக் கச்சேரிக்காக அது அளிக்கப்பட்டது என்று சுட்டிக் கூற இயலாது. அவருடைய விரல்களில் பல தலைமுறைகளாகத் திரண்டு நின்ற ஞானத்துக்கே அந்த மரியாதை. மேடைக் கலை நிகழும்போதே மறைவது. அதன் இருப்பிடம் கலைஞனின் உடலும் நினைவுமே. ஆகையால் அதற்கு அளிக்கப்பெறும் விருது, தவிர்க்கவியலாத வகையில், ஒரு நூலுக்கன்றி ஓர் ஆளுக்கு, அதிலும் வாழ்ந்துகொண்டிருக்கும் ஆளுக்கு அளிக்கப்பெறுவதாகிறது.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. முதலாவதாக, விருது உரிய காலத்தில் வருதல் வேண்டும். நூலாசிரியன் முதுமையெய்தினாலும் நூல் முதுமையெய்துவதில்லை, குரலோ, கால்களோ, விரல்களோ அவ்வாறல்ல. இரண்டாவதாக, மேடையின் நடுவில் அமர்ந்தவர்க்கு மாத்திரமன்றிப் பக்கத்தில் அமர்ந்தவர்க்கும், பின்னே நின்றவர்க்கும், திரைக்கு அப்பால் உழைத்தவர்க்கும் அது சென்றடைதல் வேண்டும். ஏனெனில் மேடைக் கலையில் தனி ஒருவரின் சிருஷ்டி என்று சொல்லத்தக்கது மிகச் சிறிது. மூன்றாவதாக, கௌரவம் பெற்றவரின் ஞானம் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேருமாறு வழிசெய்யாவிடில், அந்தக் கௌரவம் குறைபட்டதாகவே நின்றுவிடும்.

விழாவின் அமைப்பு

விருது வழங்கும் விழா வழக்கமாகப் புதுதில்லியில், குடியரசுத் தலைவர் அல்லது துணைத் தலைவர் முன்னிலையில் நடைபெறுகிறது. பாராட்டுரை படிக்கப்பெற்றபின், தேர்ந்தெடுக்கப்பெற்றவருக்குத் தாமிரப்பட்டயமும் அங்கவஸ்திரமும் ஒரு லட்ச ரூபாயும் அளிக்கப்படுகின்றன. இதற்கு மேற்பட்ட கௌரவமாகிய ரத்ன சதஸ்யப் பதவி, மூன்று லட்ச ரூபாயுடன், ஒரே காலத்தில் உயிருடன் இருப்போர் நாற்பதின்மருக்கு மேற்படாதவாறு வரையறுக்கப்பட்டது. இசை, நடனம், நாடகம், நாட்டார் மற்றும் பழங்குடிக் கலைகளும் பொம்மலாட்டமும், ஆராய்ச்சியும் பொதுத் தொண்டும் எனப் பிரிவுகள் விரிந்துள்ளன. தேர்வு செய்யும் அதிகாரம் அகாதெமியின் பொதுக்குழுவிடம் உள்ளது. அதில் கலைஞர்களும் அறிஞர்களும் மாநிலங்களின் பிரதிநிதிகளும் இடம்பெறுகின்றனர்.

விழாவில் கவனிக்கத்தக்கது அதனைத் தொடரும் கலைவிழாவேயாம். விருது பெற்றோர் அடுத்துவரும் மாலைகளில் தம் தம் கலையை மேடையில் நிகழ்த்திக் காட்டுகின்றனர். ஒரே வாரத்தில் ஒரே நகரத்தில் மணிப்பூரின் நர்த்தனமும் கேரளத்தின் கதகளியும் சத்தீஸ்கரின் கதைப்பாட்டும் தஞ்சையின் நாகசுரமும் அடுத்தடுத்து வருகின்றன. பட்டயத்தை ஏந்தி நிற்கும் கலைஞனைவிட, பட்டயத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பாடவோ ஆடவோ தொடங்கும் கலைஞனே அவ்விழாவின் பொருளை விளங்கச் செய்கிறான். தேர்ந்தெடுத்தோரின் தீர்ப்பைச் சபையோர் தாமே செவியாலும் கண்ணாலும் ஆராய்ந்துகொள்ளும் வாய்ப்பும் அப்போதே கிட்டுகிறது.

சென்னை மியூசிக் அகாதெமியின் முறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பயனுடையது. 1928இல் நிறுவப்பெற்ற அந்தச் சபையில், மார்கழி மகாநாட்டுக்குத் தலைமை வகிக்கும் வித்துவானே சங்கீத கலாநிதி ஆகிறார்; காலைச் சதஸ்களில் சக வித்துவான்களின் வாதங்களை வழிநடத்தியும், மாலையில் கச்சேரி செய்தும், அதன்பின்னரே அவர் பட்டம் பெறுகிறார். அது ஒரு மரபுக்குள் இருப்போர் தம்முள் ஒருவருக்குச் செய்யும் மரியாதை. தில்லியில் நிகழ்வதோ, ஒரு கலையைப் பற்றி முன்பின் அறியாத கோடிக்கணக்கான மக்களின் சார்பில் செய்யப்படும் மரியாதை. முன்னதில் ஆழம் மிகுதி. பின்னதில் பரப்பு மிகுதி. ஒரு தேசத்துக்கு இரண்டும் வேண்டும். ஒன்றின் கடமையை மற்றொன்று செய்துவிட இயலாது.

பட்டியல் சொல்லும் வரலாறு

விருதுப் பட்டியலைக் காலவரிசையில் படிப்போர்க்கு ஒரு சமுதாயத்தின் மனமாற்றம் தெரியவரும். 1955இல் பரதநாட்டியத்துக்காகக் கௌரவிக்கப்பெற்றவர் டி. பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தியாகிய அவர், பரம்பரையாக அக்கலையைக் காத்துவந்த குலத்தில் பிறந்தவர். அந்தக் குலத்துப் பெண்களைக் கோயில்களுக்கு அர்ப்பணம் செய்வதைத் தடுக்கும் சட்டம் சென்னையில் 1947இல்தான் நிறைவேறியிருந்தது. அச்சட்டத்தை வேண்டி நின்றவர்களின் நோக்கம் நன்று. ஆயினும் அதையொட்டி எழுந்த பிரசாரத்தில், அப்பெண்களின் மீது சுமத்தப்பட்ட இழிவு அவர்களுடைய கலையின் மீதும் விழுந்தது. எட்டே ஆண்டுகளுக்குப் பின், குடியரசின் பெயரால் பாலசரஸ்வதியின் அபிநயத்துக்கு அளிக்கப்பெற்ற மரியாதை, அந்தப் பழியை ஓரளவேனும் துடைத்த செயல் எனலாம். 1957இல் அதே விருது ருக்மிணி தேவிக்குக் கிடைத்தது. பரம்பரையின் வழிநின்ற ஒருவரும், பரம்பரைக்கு வெளியிலிருந்து வந்து கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ஒருவரும், நாட்டியத்தின் இலட்சணம் பற்றி முற்றும் மாறுபட்ட கருத்துடையவராயிருந்தும், இரண்டாண்டு இடைவெளியில் ஒரே பட்டியலில் இடம்பெற்றனர். அகாதெமி எந்தக் கட்சியின் பக்கமும் சாயாமல், இருவரின் சாதனையையும் ஏற்றுக்கொண்ட நடுநிலை போற்றத்தக்கது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு 1955இல் நாகசுரத்துக்காக விருது கிடைத்தது. 1956 டிசம்பரில் அவர் காலமானார். வீதியிலும் கோயில் வாசலிலும் நின்று வாசிப்பதற்குரியது என்று கருதப்பட்ட வாத்தியத்தை, வாய்ப்பாட்டுக்கு நிகராகக் கச்சேரி மேடையில் அமர்த்தியவருக்கு அது வந்து சேர்ந்தது இறுதிக் காலத்தில். 1956இல் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்கு அளிக்கப்பெற்ற விருது இதனினும் நுட்பமானதொரு தீர்ப்பு. பக்கவாத்தியம் வாசிப்பவரைப் பிரதானக் கலைஞரோடு சமமாக வைத்தெண்ணும் மனப்பான்மை அந்நாளில் பரவியிருக்கவில்லை. பின்னர் வங்க நாடக மேடையில் ஒளியமைப்பையே ஒரு கலையாக வளர்த்த தாபஸ் சென் 1974இல் கௌரவிக்கப்பெற்றார். மேடைக்குப் பின்னால் நிற்போரின் உழைப்பும் தேசத்தின் கணக்கில் ஏறியது.

நாடகத் துறையில் தமிழகம் பெற்ற விருதுகளுள் சிந்தனைக்குரியது பம்மல் சம்பந்த முதலியாருக்குக் கிடைத்ததாகும். 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, படித்தவர்கள் நாடகமேடை ஏறுவதை இழிவாகக் கருதிய நாளில் வழக்கறிஞர்களையும் உத்தியோகஸ்தர்களையும் வேடமணியச் செய்தவர் அவர். 1873இல் பிறந்த அவரை அகாதெமியின் விருது 1959இல் வந்தடைந்தது. சபையைத் தோற்றுவித்து அறுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த அந்தக் கௌரவத்துக்கு அகாதெமி பொறுப்பன்று. அது பிறந்தே ஆறாண்டுதான் ஆகியிருந்தது. எத்தனையோ நாடகாசிரியர்கள், மரியாதை செய்ய ஒரு தேசிய மன்றம் இல்லாத காலத்தில் வாழ்ந்து மறைந்தனர். அவர்களுள் ஒருவராகிய, 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளை இங்கே நினைந்துகொள்ளுதல் தகும்.

காலப்போக்கில் பட்டியலின் எல்லை விரிந்தது. 1968இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்காரும், 1969இல் கிராமக் கலைஞர்களைக்கொண்டே நாடகம் நடத்திய ஹபீப் தன்வீரும் விருது பெற்றனர். 1995இல் சத்தீஸ்கரின் பாண்டவானிக் கலைஞர் தீஜன் பாய் கௌரவிக்கப்பெற்றார். ஆண்களுக்கே உரியதென்று வழங்கிய முறையில், நின்றும் நடித்தும் பாரதக் கதை பாடத் துணிந்த பெண்மணி அவர். பிகாரில் பெண் வேடமணிந்து ஆடும் நாட்டார் மரபில் வந்த ராமசந்திர மாஞ்சி 2017ஆம் ஆண்டுக்குரிய விருதைத் தொண்ணூறை ஒட்டிய முதுமையில் பெற்றார். அவருடைய ஆசானாகிய பிக்காரி டாக்கூரோ 1971இலேயே மறைந்துவிட்டார். சாஸ்திரீயக் கலைக்கும் நாட்டார் கலைக்கும் இடையே உயர்வு தாழ்வு கற்பித்துவந்த வழக்கத்தைக் குடியரசு மெல்லமெல்லக் கைவிட்டுவருவதை இப்பெயர்கள் காட்டுகின்றன. மெல்ல நடந்தது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

தாமதம் என்னும் குறை

மேடைக் கலைக்குரிய விருதில் தாமதத்தைப் போன்ற குறை வேறில்லை. 2018ஆம் ஆண்டுக்குரிய விருதுகள் 2022 ஏப்ரலில் வழங்கப்பெற்றன. 2019, 2020, 2021 ஆகிய மூன்றாண்டுகளுக்கும் உரியவை ஒருசேர 2022 நவம்பரில் அறிவிக்கப்பெற்று, 2023 பிப்ரவரி 23ஆம் தேதி குடியரசுத் தலைவரால் விஞ்ஞான் பவனில் அளிக்கப்பெற்றன. இடையே வந்த பெருந்தொற்று இத்தாமதத்துக்குத் தக்க காரணமே. எனினும், எழுபது, எண்பது வயதுக் கலைஞருக்கு மூன்றாண்டு என்பது, மேடையேறும் வலிமைக்கும் அது நீங்குவதற்கும் இடைப்பட்ட தூரமாகும்.

2023 செப்டம்பரில் நிகழ்ந்ததொன்று இதனினும் ஆழ்ந்த பொருளுடையது. அதுவரை தேசியக் கௌரவம் எதனையும் பெற்றிராத, எழுபத்தைந்து வயதைக் கடந்த கலைஞர்கள் 84 பேருக்கு அகாதெமி அம்ருத விருது என்னும் தனி விருதை அளித்தது. செய்யத் தவறிய கடமையை ஒரு பொது நிறுவனம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அதற்குப் பரிகாரமும் தேடியது பாராட்டத்தக்கது. ஆனால் 84 என்னும் அந்தத் தொகை, ஆண்டுதோறும் நடைபெற்ற தேர்வுகளின் கண்ணுக்குத் தப்பியவர் எத்தனை பேர் என்பதையும் உடன் அறிவிக்கிறது. நாற்பது வயதுக்குட்பட்டோர்க்காக 2006இல் ஏற்படுத்திய உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்காரம் இக்குறைக்கு மறுபக்கத்திலிருந்து தேடிய மருந்து. கலைஞன் தொழிலை விட்டுவிடலாமா என்று தயங்கி நிற்கும் பருவத்தில் கிட்டும் ஊக்கம், அவன் புகழடைந்தபின் கிட்டும் பொன்னாடையினும் பயன் மிக்கது.

கௌரவத்தை மறுத்தோரையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். சிதார் மேதை விலாயத் கான் அரசின் பத்ம விருதுகளை ஒருமுறைக்கு மேல் ஏற்க மறுத்தார். தம் கலையை மதிப்பிடுவோர்க்கு அதற்குரிய தகுதி உண்டா என்பதே அவர் எழுப்பிய வினா. 2015இல், கருத்துச் சுதந்திரம் பற்றிய கவலை நாடெங்கும் எழுந்தபோது, நாடகக் கலைஞர் மாயா கிருஷ்ண ராவ் தமது அகாதெமி விருதைத் திருப்பியளித்தார். தேர்வின் தகுதியும் அரசின் நடத்தையும் ஆகிய இரண்டுமே விருதின் மதிப்பைத் தாங்கும் தூண்கள் என்பதை இவ்விருவரும் நினைவூட்டினர். அகாதெமிக்குப் பணம் தருவது அரசு. தலைவரை நியமிப்பது குடியரசுத் தலைவர். ஆயினும் தேர்வு கலைஞர்களின் கையிலும் அறிஞர்களின் கையிலும் இருத்தல் வேண்டும். முன்னர் கோஸ்லா குழுவும் பின்னர் ஹக்சர் குழுவும் தேசிய அகாதெமிகளின் நிர்வாகத்தை ஆராய நேர்ந்ததே, இந்தச் சமநிலை எளிதில் கைகூடுவதன்று என்பதற்குச் சான்று.

விருதுக்குப் பின் செய்யத்தக்கன

அகாதெமி விருதளிப்பதோடு நின்றுவிடவில்லை என்பதையும் நியாயமாகக் கூறுதல் வேண்டும். அகாதெமி அமைந்துள்ள ரவீந்திர பவனத்தில் பல்லாண்டுகளாகத் திரட்டப்பெற்ற ஒலி, ஒளிப் பதிவுகள் இந்திய மேடைக் கலைகளுக்குரிய பெரும் களஞ்சியங்களுள் ஒன்றாகும். கேரளத்தின் கூடியாட்டம் அருகி மறையும் நிலையிலிருந்தபோது, குருமார்களுக்கும் மாணவர்களுக்கும் உதவியளித்து அதனைத் தாங்கி நின்ற அமைப்புகளுள் அகாதெமியும் ஒன்று. 2001இல் யுனெஸ்கோ தன் முதற்பட்டியலிலேயே கூடியாட்டத்தை மனிதகுலத்தின் அரும்பெரும் மரபாக அறிவித்தபோது அந்த உழைப்பும் பலன் கண்டது. ஒரு கலையைக் காப்பது எப்படி என்பது அகாதெமிக்குத் தெரியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அவ்வறிவை ஒவ்வொரு விருதோடும் பிணைக்கவேண்டும் என்பதே நாம் கேட்பது.

தெருக்கூத்தை எடுத்துக்கொள்வோம். இரவு முழுவதும் நடைபெறும் பாரதக் கூத்தில் கட்டியங்காரனும், கட்டை கட்டி ஆடும் வேடதாரிகளும், மிருதங்கமும் முகவீணையும் வாசிப்போரும், பின்பாட்டுக்காரரும் சேர்ந்தே ஒரு கலையாகின்றனர். ஆசிரியர் ஒருவருக்குத் தாமிரப்பட்டயம் அளித்தால் அது அவருக்குப் பெருமை. ஆனால் முகவீணை வாசிப்பவர் பிழைப்பின்றி வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டால், பட்டயம் பெற்றவரும் கூத்து நடத்தவியலாது. ஆகவே தனிநபர் விருதுகளோடு, குழு முழுவதற்கும் உரிய விருதொன்றும் ஏற்படுதல் அவசியம்.

அவ்வாறே, தில்லியில் நடைபெறும் கலைவிழாவின் மறுபதிப்பு ஒன்று, விருது பெற்றவரின் சொந்த ஊரிலோ, அருகிலுள்ள நகரத்திலோ நடைபெறுதல் வேண்டும். தலைநகரின் அரங்கில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்ட கூத்தும் பாண்டவானியும் தம் முழு உருவத்தில் தோன்றுவது சொந்த மண்ணின் ரசிகர் முன்னிலையில்தான். கௌரவத்தின் பயனும் அங்கேதான் விளையும். அக்கலையைத் தினந்தோறும் காணும் ஊரார், தேசம் அதனை மதிக்கிறது என்பதை நேரிற் கண்டால், தம் பிள்ளைகளை அதற்கு அனுப்பத் தயங்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விருது பெறும் ஒவ்வொருவரிடமும் சில ஆண்டுகள் தங்கிப் பயில இரண்டு மாணவர்களேனும் உதவித்தொகையுடன் அனுப்பப்படவேண்டும். அவர் அறிந்த பாடம் முழுவதும், மேடைக்கென்று தேர்ந்தெடுத்த சிறுபகுதி மாத்திரமன்று, நிதானமாகப் பதிவு செய்யப்படவேண்டும். இதற்காகும் செலவு ஒரு பெரிய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் மிகச் சிறியதே. மன்னர்களும் வணிகர்களும் வித்துவானுக்கு மாலையிட்டதோடு நில்லாமல், அவர் வீட்டில் தங்கிப் பயின்ற சிஷ்யர்களுக்கும் சேர்த்தே சோறிட்டனர் என்பதை நினைந்து பார்த்தால், குடியரசு அவர்களிடமிருந்து ஏற்றுக்கொண்ட பொறுப்பின் முழு அளவு விளங்கும். பரிசு பெற்றோரின் தொகையைக்கொண்டு தேசிய விருதின் வெற்றியை அளப்பது போதாது. பரிசு பெற்றவரிடம் பயின்று இன்று மேடையேறி நிற்போர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து, அந்தக் கணக்கை அகாதெமி மக்கள் முன் வைக்கும் வழக்கம் ஏற்படுமானால், ஆசாத் குடியரசின் கடமையென்று அறிவித்தது நிறைவேறும் பாதையில் நாம் உறுதியாக அடியெடுத்து வைத்தவராவோம்.